கொச்சியில் தோற்ற மருந்து

1990-களின் தொடக்கத்தில் கொச்சியின் சாக்கடைகளிலும் தேங்கிய வாய்க்கால்களிலும் ஒரு பாக்டீரியா மருந்து தெளிக்கப்பட்டது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவைப் புழுப் பருவத்திலேயே கொல்வதற்காக. இரண்டு ஆண்டுகளில் 35 சுற்று அடித்து முடித்தபின், மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் அங்கிருந்து புழுக்களை எடுத்துச் சோதித்தார்கள். மருந்தே படாத ஓர் இடத்தின் புழுக்களில் பாதியைக் கொல்ல எவ்வளவு மருந்து போதுமோ, அதைப்போல 146 மடங்கு ஊற்றினால்தான் கொச்சிப் புழுக்களில் பாதி செத்தது. 1995-ல் இந்த முடிவு அச்சில் வந்தது. இயற்கை மருந்து, பக்கவிளைவு இல்லாதது, கொசுவால் பழகிக்கொள்ளவே முடியாதது என்று அதுவரை சொல்லப்பட்டு வந்த மூன்றில், மூன்றாவது அன்றோடு விழுந்தது.

கொச்சிக் கதையைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியத்தில் உட்கார்ந்து ஏன் பேச வேண்டும்? இந்த வட்டாரத்தில் கொசு மருந்து என்றால் இன்றும் இரண்டுதான். காய்ச்சல் கண்ட தெருவில் அந்தியில் அடிக்கும் புகை ஒன்று. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வீடு வீடாக வந்து டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் விட்டுப்போகும் அபேட் இன்னொன்று. அபேட் என்பது டெமிபாஸ் என்ற ரசாயனம். பல பத்தாண்டுகளாக அடித்ததில், அதற்கு அசையாத, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் இந்தியாவின் பல நகரங்களில் பதிவாகிவிட்டன. அதன் இடத்துக்கு வரப்போவது பாக்டீரியா மருந்து. சில இடங்களில் வந்தும்விட்டது. இதற்கான இந்திய ஆராய்ச்சியின் தலைமையிடமும் தொலைவில் இல்லை. 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் இருக்கிறது. தானே கண்டெடுத்த ஒரு பாக்டீரிய வகையிலிருந்து மருந்து செய்யும் முறையை அது தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து வருகிறது. ஆக, இந்த மருந்து ஊராட்சி அலுவலகத்து அறைக்குள் வந்து இறங்கும் நாள் தூரத்தில் இல்லை. இறங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு.

முதலில், மருந்து வேலை செய்யும் விதம். 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், வற்றிக்கொண்டிருந்த ஓர் ஆற்றுப்படுகைக் குட்டையில் கொசுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடப்பதை யோயல் மார்கலித் என்ற உயிரியலாளரும் அவருடன் சென்றவர்களும் பார்த்தார்கள். அந்தச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்ததுதான் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக, பிடிஐ. இந்தப் பாக்டீரியா வித்தாக மாறும்போது தன் உடலுக்குள் ஒரு புரதப் படிகத்தையும் சேர்த்துச் செய்கிறது. தண்ணீரில் மிதக்கும் அந்தப் படிகத்தை உணவென்று கொசுப்புழு வாய்த் தூரிகையால் வாரி உள்ளே தள்ளுகிறது. மனிதன் வயிறு அமிலம். கொசுப்புழுவின் நடுக்குடல் அதற்கு நேர் எதிர், கடும் காரம். அந்தக் காரத்தில்தான் படிகம் கரையும். கரைந்த புரதத்தைப் புழுவின் சொந்தச் செரிமான நொதிகளே வெட்டி நஞ்சாக்குகின்றன. வெட்டப்பட்ட துண்டு குடல் சுவரின் செல்களில் போய் ஒட்டி ஓட்டை போடுகிறது. ஒரு நாளைக்குள் புழு செத்துவிடும். நாமோ மாடோ மீனோ அதே தண்ணீரைக் குடித்தால் படிகம் வெறும் புரதம். குடிநீர்த் தொட்டியில் போடுவதற்கே உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றிருக்கிறது. அந்த அளவுக்குப் பாதுகாப்பானது. அதில் சந்தேகம் எழுப்புவது இந்தக் கட்டுரையின் வேலையன்று.

கொச்சியில் அடித்தது பிடிஐ அன்று. அதன் ஒன்றுவிட்ட உறவு, பேசிலஸ் ஸ்பெரிகஸ். (வகைப்பாட்டியலார் பிற்பாடு இதை லைசினிபேசிலஸ் என்று மாற்றிவிட்டார்கள், மருந்து டப்பாக்களில் பழைய பெயரும் கிடக்கும்.) இதற்குச் சில தனித் தகுதிகள் உண்டு. சாக்கடையின் அழுக்குத் தண்ணீரில் பிடிஐ சீக்கிரம் மண்டியோடு படிந்து பயனற்றுப் போகும். ஸ்பெரிகஸ் வாரக்கணக்கில் நிற்கும், செத்த புழுவின் உடலிலேயே பெருகவும் செய்யும். ஒரு முறை அடித்தால் நெடுநாள் தாங்கும் மருந்தை எந்த நகராட்சிதான் விரும்பாது? ஆனால் அதன் பலவீனமும் அங்கேதான் இருந்தது. ஸ்பெரிகஸின் முக்கிய நஞ்சு இரண்டு புரதங்கள் சேர்ந்த ஒரே ஜோடி. அந்த ஜோடி புழுவின் குடலில் ஒட்டிக்கொள்ள ஒரே ஒரு நொதிதான் பிடிமானம். அந்த ஒன்றைப் புழு இழந்துவிட்டால், மருந்து வாய்வழி போய்க் குடலில் ஒட்டாமலே வெளியேறிவிடும். பிரேசிலின் ரெசிஃபே நகரத்துக் கொசுக்களில் நடந்தது இதுவே. அந்த நொதியின் மரபணுவில் 19 எழுத்துகள் உதிர்ந்திருந்தன. நொதி உருவாகிறது, ஆனால் குடல் சுவரில் நங்கூரம் போட்டு நிற்பதில்லை. அப்பா, அம்மா இரண்டு வழியிலும் அந்தக் குறை வந்த புழுவுக்குத்தான் மருந்து ஏறாது. ஆனாலும் விடாமல் அடித்தால் அப்படிப்பட்டவையே பிழைத்து, கொஞ்ச காலத்தில் ஊர்க் கொசு முழுக்க அவற்றின் பிள்ளைகளாகிவிடும். நெடுநாள் தண்ணீரில் நிற்கும் மருந்து என்பதால் இந்தச் சலித்தெடுக்கும் வேலையும் நெடுநாள் இடைவிடாமல் நடக்கிறது.

தாய்லாந்தின் நொந்தபுரியில் இன்னும் வேகம். நான்கே மாதம், ஐந்தே தெளிப்பு. எதிர்ப்பு பல்லாயிரம் மடங்கு ஏறியது. சீனாவிலும் பிரான்சிலும் இதே கதை வேறு வேறு அளவில் பதிவானது. ஆக கொச்சி விதிவிலக்கு அன்று. முதலில் கவனமாக அளந்து சொல்லப்பட்ட இடங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தைப் பருத்தி போட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சின்னசேலம் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் பிடி பருத்தி தெரியும். பிடிஐயின் அண்ணன்தான் அந்த ‘பிடி’. அதே பாக்டீரிய இனத்தின் ஒரு புரதத்தைச் செடிக்குள்ளேயே வைத்த விதை 2002-ல் இந்தியாவில் அனுமதி பெற்றது. குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த ஒற்றைப் புரதத்தைத் தாண்டிவிட்டதாக விதை நிறுவனமே 2010-ல் ஒப்புக்கொண்டது. இரண்டு புரதம் வைத்த அடுத்த விதையும் சில ஆண்டுகளில் அதே புழுவிடம் தோற்றது. வயல் ஓரத்தில் பிடி அல்லாத பருத்தியைச் சுற்றிப் போடுங்கள், எதிர்ப்பு இல்லாத பூச்சிகளும் பிழைத்துக் கலக்கட்டும் என்று பையோடு கொடுத்த சாதா விதையைப் பெரும்பாலோர் விதைக்கவில்லை. யார் விதைப்பார்கள், பூச்சிக்கென்று ஒரு வரப்பை விட்டுக்கொடுக்க?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஸ்பெரிகஸ் தோற்றது சரி, பிடிஐ தோற்றதா? 1980-கள் முதல் மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளில், ஆற்றுக் குருட்டு நோயைப் பரப்பும் கருப்பு ஈக்களின் புழுக்களுக்கு அது அடிக்கப்பட்டது. ஜெர்மனியின் ரைன் ஆற்றுச் சமவெளியில் 1981 முதல் கொசுவுக்கு அடிக்கிறார்கள். இவ்வளவு காலம் ஆகியும் களத்தில் பெரிய எதிர்ப்பு தலைகாட்டவில்லை. காரணம் படிகத்தின் உள்ளே இருக்கிறது. அதில் ஒரு நஞ்சு இல்லை, முக்கியமானவை நான்கு. அவற்றில் சைட்1ஏ என்ற ஒன்று மற்ற மூன்றைப்போலக் குடலின் பிடிமானத்தைத் தேடுவதில்லை. நேராகச் செல்லின் கொழுப்புச் சவ்விலேயே நுழைகிறது, மற்றவற்றுக்கும் வழி செய்து தருகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஜார்ஜியூவும் வொர்த்தும் 1997-ல் வெளியிட்ட சோதனை இதை எண்ணில் காட்டியது. நான்கில் ஒரு நஞ்சை மட்டும் கொடுத்து 28 தலைமுறை வளர்த்த கொசுவின் எதிர்ப்பு 900 மடங்கைத் தாண்டியது. சைட்1ஏ இல்லாமல் மூன்றையும் கொடுத்தபோது 91 மடங்கு. நான்கையும் சேர்த்துக் கொடுத்தபோது மூன்று மடங்குக்குச் சற்றே மேல்.

இதுதான் எச்சரிக்கையின் நடுப்புள்ளி. பாக்டீரியா மருந்து என்ற ஒற்றைப் பெயரின் கீழ் ஓர் ஊராட்சிக்கு வந்து சேர்வது எது என்பதில் எல்லாம் இருக்கிறது. பிடிஐயா, ஸ்பெரிகஸா, இரண்டும் ஒரே குருணையில் கலந்ததா? டப்பாவின் முகப்பில் ‘உயிரி’ என்று பெரிதாகவும் இனப் பெயர் பொடியாகவும் இருக்கும். ஸ்பெரிகஸ் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவை, அதாவது டெங்கு கொசுவை, அநேகமாக ஒன்றும் செய்யாது. டெங்கு சீசனில் அதை வாங்கித் தொட்டி தொட்டியாகப் போட்டால் பணமும் போய், பிறகு யானைக்கால் கொசுவுக்கு எதிராக அது தேவைப்படும்போது அதன் வீரியமும் போயிருக்கும்.

அடுத்தது, கையாளும் விதம். பிடிஐ கொசுப்புழுவின் வாய்வழி போக வேண்டிய மருந்து. தொட்டியில் எட்டிப் பார்த்தால், நம் நிழல் விழுந்ததும் நெளிந்து அடியில் இறங்குபவை புழுக்கள். அவற்றின் நடுவே காற்புள்ளி வடிவில் சுருண்டு, குட்டிக்கரணம் போட்டு நகர்பவை கூட்டுப்புழுக்கள். கூட்டுப்புழுவுக்கு வாய் கிடையாது, அது எதையும் தின்பதில்லை. ஆகவே அதற்குப் பிடிஐ வெறும் தூசு. இரண்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். கூட்டுப்புழுவாகப்போகிற முற்றிய புழுவும் கடைசி நேரத்தில் உணவை நிறுத்திவிடுவதால் தப்பிக்கும். அதோடு வெயில் பட்டால் படிகம் சிதையும். திறந்த நீரில் அதன் ஆயுள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து கொசு வரை ஏழு முதல் பத்து நாள். கணக்கைப் போட்டுப் பார்த்தால், மாதம் ஒரு முறை வந்து அடித்துவிட்டுப் போகும் ஏற்பாட்டில் நடுவே முழுதாக ஒரு தலைமுறைக் கொசு பிறந்துவிடும். மருந்து பொய்த்தது என்று ஊர் சொல்லும். மருந்து அடித்த தேதிதான் பொய்த்திருக்கும். ஓட்டுக்குக் கீழே கொதிக்கும் அறையில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த மூட்டையானால் தேதியைக்கூடக் குறை சொல்ல முடியாது.

இங்கே கிராமத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குழாயில் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைக்கும் பழக்கம் உள்ள வீட்டில், டிரம் காலியாவதே இல்லை. பாதி குறைந்ததும் மேலே நிரப்பிக்கொள்வார்கள். ஏடிஸ் முட்டை தண்ணீருக்கு மேலே, டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்து கிடக்கும். மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மட்டம் உயர்ந்து நனைந்ததும் பொரியும். எந்தப் பாக்டீரியா மருந்தும் அந்த முட்டையைத் தொடாது. தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். ‘அதான் மருந்து போட்டாச்சே’ என்று தேய்ப்பதை நிறுத்திவிட்டால், பாதுகாப்பான மருந்தே அந்த வீட்டுக்குப் பாதகம்.

நெல் வயல்களின் கதை தனி. பழைய தென்னாற்காடு மாவட்டம், அதாவது இன்றைய கள்ளக்குறிச்சியும் அடங்கிய பகுதி, ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குப் பேர்போனது. இந்தியாவில் அந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955-ல் வேலூர் பக்கம்தான். மதுரை மையத்தின் களநிலையம் ஒன்று இந்த நோய்க்காகவே விருத்தாசலத்தில் இயங்கியது. வைரஸைப் பன்றியிலிருந்தும் கொக்கு நாரையிலிருந்தும் கொண்டுவரும் கியூலெக்ஸ் கொசு வயல் நீரில் பெருகுகிறது. ஏக்கர் ஏக்கராக நிற்கும் அந்தத் தண்ணீருக்கெல்லாம் பிடிஐ தெளிப்பது எந்த ஊராட்சியின் கைக்கும் அடங்காது. மதுரை ஆட்கள் அங்கே வேறு வழி பார்த்தார்கள். வேப்பம் புண்ணாக்கு பூசிய யூரியாவும், விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் விட்டுவிட்டுப் பாய்ச்சும் முறையும் சேர்ந்தபோது வயலில் கொசுப்புழு குறைந்தது. இன்று சொசைட்டியில் கிடைக்கும் யூரியா வேம்பு பூசியதுதானே என்று கேட்கலாம். அது வேப்பெண்ணெய்ப் பூச்சு, அளவும் சொற்பம், நோக்கம் தழைச்சத்து விரயத்தைத் தடுப்பது. பழைய ஆய்வின் பலனை அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

ஏரியிலும் ஓடையிலும் பிடிஐயை வாரி இறைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் பிரான்சின் கமார்க் ஈரநிலத்தைப் பார்க்கலாம். அங்கே பிடிஐ தெளித்த பகுதிகளில் குறைந்தது கொசு மட்டும் அன்று. கொசு இனத்துக்கு நெருங்கிய, கடிக்காத பூச்சிகளும் குறைந்தன. அவற்றைத் தின்று வளரும் ஒருவகைத் தகைவிலான் குருவிக்குக் குஞ்சு குறைந்ததாக 2010-ல் வெளியான ஆய்வு சொன்னது. ரைன் கரையில் இதை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள், வழக்கு முடியவில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் ஓடும் நீரில் டெங்கு கொசு வளர்வதில்லை. அங்கே மருந்துக்கு வேலையே இல்லை.

கூட்டுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியப் பொருள் ஏதும் இல்லையா என்றால், உண்டு. அந்தமான் நிக்கோபார் அலையாத்திக் காட்டு மண்ணிலிருந்து புதுச்சேரி மையம் எடுத்த பேசிலஸ் சப்டிலிஸ் வகை ஒன்று சர்ஃபாக்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கூட்டுப்புழுவையும் கொல்வதை 2010-ல் அறிவித்தார்கள். இன்னொன்று ஸ்பினோசாட். கரீபியத் தீவு ஒன்றில், கைவிடப்பட்ட ரம் ஆலையின் மண்ணில் 1982-ல் கிடைத்த நுண்ணுயிரியின் சரக்கு. (கரும்பும் சர்க்கரை ஆலையும் உள்ள மூங்கில்துறைப்பட்டு மண்ணில் என்ன இருக்கிறதோ, யாராவது தோண்டிப் பார்க்கலாம்.) இது நரம்பைத் தாக்கும் நஞ்சு, ஒரே இலக்கு, ஆய்வுக்கூடத்தில் கொசு இதற்கும் எதிர்ப்பு வளர்த்துக் காட்டிவிட்டது.

இனி திருக்கோவிலூர். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்து ஊர். இந்த வட்டாரத்தைப் பற்றிப் பேசும்போது உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் வரை போன ஒரு சான்று அங்கே இருக்கிறது. 1990-களில் அதைச் சுற்றிய கிராமங்களில் யானைக்கால் நோய்க்கு மக்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை டிஇசி, ஐவர்மெக்டின் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஐவர்மெக்டினும் ஒரு மண் பாக்டீரியாவின் கொடை என்பது வேறு கதை. சில கிராமங்களில் மாத்திரை மட்டும். சில கிராமங்களில் மாத்திரையோடு கொசுக் கட்டுப்பாடும். ரேச்சல் ரூபன், கஜானனா, ராஜேந்திரன், மணி எனக் கொச்சி ஆய்வில் கண்ட அதே மதுரைப் பெயர்கள் இதிலும் வருகின்றன. இங்கே அவர்கள் பாக்டீரியாவை நம்பி இறங்கவில்லை. கழிவுநீர்க் குழிகளின் மேல் வெள்ளை பாலிஸ்டைரீன் மணிகளைக் கொட்டினார்கள். புழு தின்னும் மீன்களை விட்டார்கள். மணிகள் மிதந்து குழி முழுக்க ஒரு படலமாக நிற்கும். அடியிலிருக்கும் புழு மூச்சுக் குழலை மேலே நீட்ட முடியாது, மேலிருந்து வரும் கொசு முட்டையிட இடம் கிடையாது. மாத்திரையை நிறுத்திய பிறகு, மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களில் நோய்ப் பரவல் மீண்டும் ஏறியது. கொசுவையும் அடக்கிய ஊர்களில் கிடைத்த பலன் நின்றது. 2007-ல் வெளியான இந்த முடிவை அடிக்கடி மறந்துவிட்டு, வெளியூர் உதாரணம் தேடுகிறோம்.

பாலிஸ்டைரீன் மணிக்கும் குறை உண்டு. பிளாஸ்டிக், பெருமழையில் குழி வழிந்தால் அடித்துப்போகும், ஓடும் சாக்கடைக்கு உதவாது. ஆனால் மூச்சை அடைப்பதற்கு எதிராக மரபணுவில் 19 எழுத்து உதிர்ந்து கொசு தப்பிக்க முடியாது. குழிக்கு மணி, செப்டிக் டேங்க் காற்றுக் குழாய்க்கு வலை, டிரம்முக்கு மூடி என்று இருக்கும் இடங்களில் பாக்டீரியா மருந்தைச் செலவழிப்பது வீண். மூட முடியாத, கவிழ்க்க முடியாத நீருக்கு, காய்ச்சல் கிளம்பும் பருவத்துக்கு, அதை ஒதுக்கி வைத்தால் நெடுநாள் உழைக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் பிடிஐ தாக்குப்பிடித்ததற்கும் பாதிக் காரணம் அதுவே. 1980-ல் அங்கே கருப்பு ஈ டெமிபாஸைத் தாண்டியதும், ஆற்றில் நீர் குறைந்த காலத்துக்கு பிடிஐ, வெள்ளக் காலத்துக்கு வேறு வேறு மருந்துகள் என்று சுழற்றினார்கள். எதையும் தொடர்ந்து ஊற்றவில்லை.

சுழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். கொச்சியில் 146 என்ற எண் கிடைத்ததற்கு, ஒப்பிட்டுப் பார்க்க மருந்து படாத இடத்துப் புழுக்கள் இருந்தது காரணம். அந்தச் சோதனை பெரிய வித்தையில்லை. கோப்பைகளில் எண்ணி விட்ட புழுக்கள், படிப்படியாகக் கூட்டிய மருந்து, 24 மணி நேரமோ ஸ்பெரிகஸ் ஆனால் 48 மணி நேரமோ கழித்துச் செத்ததை எண்ணுவது. கள்ளக்குறிச்சி மாவட்டப் பூச்சியியல் பணியாளரும் புதுச்சேரி மையமும் சேர்ந்தால் ஒரு வாரத்து வேலை. ஆனால் அதை முதல் மூட்டை பிரிவதற்கு முன் எடுக்க வேண்டும். எடுத்து எழுதி வைத்தால், ஆண்டுதோறும் அதே கோப்பைச் சோதனையைத் திரும்பச் செய்து, மூன்று மடங்கா முப்பது மடங்கா என்று பார்த்து மருந்தை மாற்றலாம். எடுக்காமல் அடிக்கத் தொடங்கிவிட்டால், ஐந்தாண்டு கழித்து ரிஷிவந்தியம் ஒன்றியத்தில் புழு சாகவில்லை என்று புகார் வரும்போது, சரக்கு மோசமா, அடித்தவர் ஏமாற்றினாரா, கொசு மாறிவிட்டதா என்று சொல்ல யாரிடமும் எண் இருக்காது. ஒப்பிடுவதற்கு மருந்து படாத கொசுவும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருக்காது.